நாம் ஒருவர் செய்து ஆவதென்ன?

“நான் ஒருவன் முறையாக நடந்தால் ஊர் திருந்திவிடுமா?” என்னும் வினா இந்நாளில் பெங்களூர் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றது. தொம்மலூரில் வாழும் நம்மவர் இல்லங்களிலும் எழுகின்றது. கடைக்குத் துணிப்பை கொண்டு செல்பவர், ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வேறு வேறாகச் சேர்த்து வைப்பவர், வாளி நிரம்பியதும் குழாயை மூடும் வழக்கத்தைத் தம் மக்களுக்குப் பழக்குபவர் ஆகிய இவர்களெல்லாம் ஒருநாள் தெருமுனைக்கு வந்து பார்க்கின்றனர். அங்கே இரவோடு இரவாகக் கொட்டப்பட்ட குப்பை, எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றது. “இத்தனை பேர் இவ்வாறு நடக்கும்போது நான் ஒருவன் வருந்தி ஆவதென்ன?” என்று அவர்தம் உள்ளம் தளர்கின்றது.

இவ்வினாவை எழுப்புபவரைச் சோம்பர் என்று இகழ்தல் தகாது. சோம்பருக்கு இந்த ஐயம் தோன்றுவதே இல்லை. அவர் எதனையும் தொடங்கியவர் அல்லர். தொடங்கி, நெடுநாள் செய்து, பயன் காணாது சோர்ந்தவருக்கே இது தோன்றும். கேசபுத்தத்துக் காலாமர் ஐயுற்று நின்றபோது, அவர்கள் ஐயுறுவது தக்கதே என்று ஏற்றுக்கொண்டு, பின்னரே ஆராயும் வழியைக் காட்டினார் பகவான். நாமும் அவ்வழியே, இந்த ஐயத்தை அதட்டி அடக்காமல், அதன் வலிமை எவ்வளவு, அதன் பிழை எங்கே என்று பார்ப்போமாக.

முதலில் வலிமையைக் காண்போம். பெங்களூர் மக்கள் பருகும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு இயந்திரங்களால் ஏற்றப்பட்டு வருகின்றது. 2024 அக்டோபருக்கு முன் அதன் அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 145 கோடி லிட்டர். அம்மாதம் தொடங்கப்பெற்ற ஐந்தாம் கட்டத் திட்டம் இன்னும் 77.5 கோடி லிட்டரைக் கொணர வல்லது. ஒருவர் நாள்தோறும் ஒரு வாளி, அஃதாவது 20 லிட்டர், மிச்சப்படுத்துகின்றார் என்று கொள்வோம். இவ்விரு அளவையும் கூட்டிப் பார்த்தால் அவ்வாளி 11 கோடியில் ஒரு பங்கு. நகரத்தின் குழாய்களில் கசிந்து வீணாகும் நீரோடு ஒப்பிட்டால் அதனைக் காணவே இயலாது.

கழிவின் பக்கமும் இவ்வாறே உள்ளது. தொம்மலூர்ப் பகுதியின் சாக்கடை சல்லகட்டா பள்ளத்தாக்கின் வழியே பெல்லந்தூர் ஏரியை நோக்கிச் சரிகின்றது. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள அவ்வேரியில் 2015ஆம் ஆண்டு தீப்பற்றியது. 2017இலும் 2018இலும் மீண்டும் எரிந்தது. 2018 ஜனவரியில் அத்தீயை அணைக்கப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் வரவேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசு 50 கோடி ரூபாயும், மாநகராட்சி 25 கோடி ரூபாயும் செலுத்துமாறு ஆணையிட்டது. நகரத்தின் கழிவுநீர் பல்லாண்டுகளாகத் தூய்மை செய்யப்படாமல் ஏரியில் விடப்பட்டதே காரணம். ஒரு வீட்டார் சலவைத்தூளைக் குறைத்தால் இவ்வளவு பெரிய கேடு நின்றுவிடுமோ?

தொம்மலூரின் சொந்த ஏரியின் கதையும் எண்ணத்தக்கது. இவ்வூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரின் பெயர் அங்கே தும்பலூர் என வருகின்றது.  தொம்மலூர் ஏரி இன்று இல்லை. நகரம் விரிந்தபோது வீட்டுமனைகளாயிற்று. பக்கத்திலிருந்த சல்லகட்டா ஏரி கோல்ப் ஆடும் திடலாயிற்று. குழாயை மூட மறந்த எந்தக் குடும்பமும் இவ்வேரிகளை அழிக்கவில்லை. திட்டம் தீட்டும் அலுவலகங்களில் வரைபடத்தின்மீது இழுத்த கோடுகளே அழித்தன.

வெளியுலகிலும் இதற்குச் சான்று உண்டு. 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த சில ஆண்டுகளில், பி.பி. என்னும் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம், மக்கள் ஒவ்வொருவரும் தத்தம் ‘கார்பன் தடத்தை’ அளந்து பார்க்குமாறு பெரும் விளம்பரம் செய்தது. எண்ணெய் எடுத்து விற்றவர், வாங்கியவரிடம் கணக்குக் கேட்டார். வலியோர் செய்த கேட்டின் பழி எளியோர் தலையில் விழுவது நம்மவர்க்குப் புதிதன்று. ஆதலின், “எல்லாக் கேட்டுக்கும் நான் பொறுப்பல்லேன்” என்று ஒருவர் சொல்வாராயின் அது மெய்யே. இவ்வளவும் அந்த ஐயத்தின் வலிமை.

பிழை இதன் பின்னரே தொடங்குகின்றது. “எல்லாம் என்னால் ஆனதன்று” என்பது ஒரு கூற்று. “என்னால் ஆவது ஒன்றுமில்லை” என்பது வேறொரு கூற்று. முன்னது உண்மை, ஆயினும் அதிலிருந்து பின்னது பெறப்படாது. சோர்ந்த உள்ளம் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கவனியாமல் தாவிவிடுகின்றது.

தம்மபதத்தில் 121ஆம் பாடலும் 122ஆம் பாடலும் துளித்துளியாய் நிறையும் நீர்க்குடத்தையே உவமையாகக் கொண்டவை. ஒன்று சிறு தீமையைப் பற்றியது. மற்றொன்று சிறு நன்மையைப் பற்றியது. இரண்டிற்கும் ஒரே குடம் வைக்கப்பட்டிருப்பது உற்று நோக்கத்தக்கது. பெல்லந்தூர் ஏரியைக் கெடுத்தவற்றுள் வீட்டுச் சோப்புநீரும் ஒன்று என்று ஒப்புக்கொள்பவர், துளியால் ஆவது ஒன்றுமில்லை என்று எங்ஙனம் கூற இயலும்? தீமைக்கு ஓர் அளவுகோலும் நன்மைக்கு வேறோர் அளவுகோலும் வைத்துக்கொள்வது நேர்மையான கணக்கன்று.

“நான் ஒரு துளியை நீக்கினால் பிறர் ஆயிரம் துளி சேர்க்கின்றனரே, குடம் எப்படியும் நிறைகின்றதே” என்று மறுத்துக் கேட்கலாம். இம்மறுப்பு வலியது. உவமையொன்றைக் காட்டி இதனைக் கடந்து போதல் ஆகாது. துளி போகும் வழியே நாமும் போய்ப் பார்க்கவேண்டும்.

தொம்மலூர் வீடொன்றில் துணி துவைத்த நீர் நேற்றுவரை காவிரியாயிருந்தது. சாக்கடையில் விழுந்தபின் அதன் ஒரு பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையாற்றில் சேர்கின்றது. அவ்வாறு ஒசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையை அடைந்து, கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் கண்டு, கடலூருக்கு அருகில் கடலில் கலக்கின்றது. கெலவரப்பள்ளியில் நீர் திறக்கும்போது வெண்ணுரை பொங்கிப் பரவும் செய்தி பன்முறை வந்துள்ளது. இன்னொரு பகுதி தூய்மை செய்யப்பெற்று, 2018ஆம் ஆண்டு முதல் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் வழியே கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குச் செலுத்தப்படுகின்றது. வறண்ட அந்நாட்டின் நிலத்தடி நீரை உயர்த்துவது அத்திட்டத்தின் நோக்கம். நம்மவர் பல தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்த தங்கவயலும் அம்மாவட்டத்திலேயே உள்ளது.

பெல்லந்தூர் நுரையைப் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தார் ஆராய்ந்தனர். சலவைத்தூளில் அழுக்கை அகற்றுவதற்கென்று சேர்க்கப்படும் பொருள்கள் ஏரியில் முற்றும் சிதைவதில்லை. அடிச்சேற்றில் படிந்து திரள்கின்றன. பெருமழை அச்சேற்றைக் கிளறும்போது நீரில் கலந்து நுரையாய் எழுகின்றன என்று கண்டனர். இன்று கொட்டியது இன்றோடு ஒழிவதில்லை என்பது இதனால் விளங்கும். நாம் மறந்துவிட்ட பின் ஒரு மழைநாளில், நாம் அறியாத ஒருவர் கண்முன் அது எழுகின்றது. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் என்னும் சார்புத் தோற்றத்தை ஏட்டில் படிக்கின்றோம். ஏரியிலும் அதனைப் படிக்கலாம்.

இனி அளவைப் பற்றிய பிழைக்கு வருவோம். “பயனுண்டா?” என்று கேட்கும்போது, யாருக்குப் பயன் என்று நாம் கேட்பதில்லை. ஏரிக்கு, நகரத்துக்கு, உலகத்துக்கு என்றே எண்ணிக்கொள்கின்றோம். அவ்வளவு பெரியவற்றை ஒரு தட்டிலும் ஒருவரது செயலை மறு தட்டிலும் வைத்தால் தராசு அசையாது. ஆனால் நம் செயல் உலகத்தைச் சென்றடையும் முன்னே ஒரு மனிதரின் கையைச் சென்றடைகின்றது.

காலையில் குப்பை வண்டியோடு வரும் துப்புரவுத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடி, ஊசிப்போன சோறு, பழைய பிளேடு, பயன்படுத்திய நாப்கின் ஆகியவை ஒரே பையில் முடிந்து கொடுக்கப்பட்டால், யாரோ ஒருவர் அதனுள் கைவிட்டுப் பிரித்தாகவேண்டும். பெங்களூரில் இவ்வேலை செய்வோருள் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். அவருள்ளும் பெண்களே மிகுதி. கண்ணாடித் துண்டைத் தாளில் சுற்றித் தனியே கொடுத்த வீட்டாரால் நகரத்தின் குப்பை ஒரு பிடியும் குறைவதில்லை. ஆயினும் அன்று ஒரு கை அறுபடவில்லை. அந்தக் கைக்கு அப்பயன் 11 கோடியில் ஒரு பங்கு அன்று, முழுப் பயன்.

பிறப்பால் இழிந்தவர் என்று சிலரை ஒதுக்கி, ஊரின் அழுக்கையெல்லாம் அவர்மீதே சுமத்துவது இந்நாட்டின் பழைய வழக்கம். கையால் மலம் அள்ளும் கொடுமையை ஒழிக்க 1993இல் ஒரு சட்டமும் 2013இல் ஒரு சட்டமும் இயற்ற நேர்ந்தது இவ்வழக்கத்தின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும். வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைத்தல் எளிய செயல்தான். “என் அழுக்கு என் பொறுப்பு, அதனுள் பிறர் கை புகவேண்டா” என்பது அச்செயலின் பொருள். சாதியின் ஏற்றத்தாழ்வை மறுத்துத் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற இல்லத்திலிருந்து வெளிச்செல்லும் பை எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு இதனினும் விளக்கம் வேண்டுவதில்லை.

“கைக்குப் பயனாகட்டும், ஊருக்கு என்றேனும் பயனுண்டோ?” எனின், உண்டு. பெங்களூரின் குப்பை பல ஆண்டுகள் மாவள்ளிபுரா, மண்டூர் ஆகிய சிற்றூர்களின் பக்கத்தில் மலையாகக் குவிக்கப்பட்டது. நீரும் காற்றும் கெட்டுத் துன்புற்ற அவ்வூரார் எதிர்த்து நின்றனர். 2012இல் மாவள்ளிபுராக் கிடங்கு மூடப்பட்டது. நகரத் தெருக்களில் குப்பை தேங்கி நாறியது. அவ்வாண்டு அக்டோபரில், வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கவேண்டும் என்பதை அன்றைய மாநகராட்சி கட்டாயமாக்கிற்று. 2014ஆம் ஆண்டு இறுதியில் மண்டூருக்குக் குப்பை கொண்டு செல்வதும் நின்றது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம், இரண்டு கூடையும் ஒரு பையும் வைத்துப் பிரிக்கும் முறையை நகர முழுமைக்கும் ஆணையாக்கிற்று. நீதிமன்றம் ஆணையிடுமுன்பே சில பகுதிகளில் சில குடும்பங்கள் ஒன்றுகூடி அம்முறையைக் கைக்கொண்டு நடத்திக் காட்டியிருந்தன. அவர்கள் செய்து காட்டாதிருந்தால் “இஃது இயலாத காரியம்” என்று தட்டிக்கழிப்பது எளிதாயிருந்திருக்கும். சிலருடைய வீட்டு வழக்கம் ஊருக்குரிய ஆணைக்குச் சான்றாய் நின்றது.

இது பெங்களூருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1974ஆம் ஆண்டில் மோலினா, ரோலண்டு என்னும் அறிஞர் இருவர், தெளிப்பான் புட்டிகளில் அடைக்கப்படும் குளோரோபுளோரோகார்பன் என்னும் வாயுக்கள் வானின் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்று வெளியிட்டனர். அமெரிக்காவில் சட்டம் வருமுன்னரே மக்கள் பலர் அப்புட்டிகளை வாங்குவதைக் குறைத்துக்கொண்டனர். 1978இல் அந்நாடு பெரும்பாலான தெளிப்பான்களில் அவ்வாயுக்களைத் தடை செய்தது. 1987இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை உருவாயிற்று. பின்னர் உலக நாடுகள் யாவும் அதனை ஏற்றன. ஓசோன் படலம் இப்போது மெல்ல மீண்டு வருகின்றது. ஒரு புட்டியை வாங்காது விட்ட பெண்மணி வானத்தைத் தாம் காத்ததாக எண்ணியிருக்கமாட்டார். ஆயினும் அவரைப் போன்றோர் இல்லாதிருந்தால் சட்டம் இயற்றுவோர்க்கு அவ்வளவு துணிவு வந்திராது.

நம் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெருஞ்சான்று உண்டு. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் இறங்கி நீரை அள்ளிப் பருகினார். உடன் வந்தோர் ஆயிரக்கணக்கானோரும் பருகினர். அளவு கொண்டு பார்த்தால் அவரவர் பருகியது ஒரு கை நீர். குளத்தின் நீர்மட்டம் அதனால் தாழவில்லை. எதிர்ப்பாளர் அவர்களைத் தாக்கினர்; குளத்திற்குத் தீட்டுக் கழித்தனர்; வழக்கும் தொடுத்தனர். பத்தாண்டுகளுக்குப் பின், 1937இல், பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம்மவர் உரிமை நிலைபெற்றது. அன்று குளக்கரையில் நின்ற ஒவ்வொருவரும், “நான் ஒருவன் ஒரு வாய் நீர் குடித்து ஆவதென்ன?” என்று கேட்டுத் திரும்பியிருந்தால் என்னவாயிருக்கும்? அவர்கள் கேட்கவில்லை. ஒருவர் பருகியதைக் கண்டு மற்றவர் பருகினர்.

ஆனால் இங்கே எதிர்ப்பக்கத்துப் பிழை ஒன்றும் காத்திருக்கின்றது. “என் கடமையை நான் செய்துவிட்டேன், துணிப்பை வைத்திருக்கின்றேன், இனி ஊர் எக்கேடு கெட்டாலும் எனக்கென்ன?” என்று அமைவதே அது. எண்ணமே வினையின் வேர் என்பது நம் நெறி. ஆதலின் நல்லெண்ணத்தோடு செய்த சிறு செயல், கண்ட பயன் எதுவாயினும், செய்தவரது உள்ளத்தைப் பண்படுத்தும். இது பெரிய ஆறுதல்; எனினும் இதனோடு நின்றுவிட்டால் அறம் தன்னலமாய்ச் சுருங்கிவிடும். கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களை நடத்துவது வீட்டாரால் இயலாது. அரசும் வாரியமும் செய்யவேண்டிய பணி. அவர்கள் செய்யாவிடில் கேட்பதும் நல்லொழுக்கத்தின் பகுதியே. தன் வீட்டில் நீரை வீணாக்காதவன் தெருவில் உடைந்த குழாயைப் பற்றிக் கேட்கும்போது அவன் சொல்லுக்குத் தனி மதிப்புண்டு.

நன்முயற்சி நான்கு வகைப்படும் என்று பகவான் வகுத்தார்: எழாத தீமை எழாமற் காத்தல், எழுந்த தீமையை நீக்குதல், எழாத நன்மையை எழச் செய்தல், எழுந்த நன்மையைப் பேணி வளர்த்தல். இந்நான்கையும் தொம்மலூர் வீட்டிற்கு ஏற்றிப் பார்க்கலாம். வேண்டாத பிளாஸ்டிக்குப் பொருளை வாங்காமலிருப்பது முதலாவது. ஒழுகும் குழாயைச் செப்பனிடுவதும், சலவைத்தூளை அளவோடு இடுவதும் இரண்டாவது. ஈரக் குப்பையை எருவாக்குவதும், துப்புரவுத் தொழிலாளியின் பெயரறிந்து மதிப்போடு பேசுவதும், அவர்க்குக் கையுறை கிடைக்கின்றதா என்று கேட்டறிவதும் மூன்றாவது. தொடங்கிய வழக்கத்தை அண்டை வீட்டாரோடு சேர்ந்து நிலைநிறுத்துவதும், வார்டுக் கூட்டத்திற்குச் சென்று சாக்கடை எங்கே போகின்றது என்று கேட்பதும் நான்காவது. இவற்றுள் எதுவும், உலகம் முழுதும் திருந்திய பின்னரே தொடங்கவேண்டியது அன்று.

சோர்வு வருங்காலத்தில் அதனைக் குற்றமென்று கருதி வருந்தவேண்டா. ஏரியின் அளவைக் கொண்டு தம் செயலை நிறுப்பவர் எவரும் சோர்வரே. ஏரியைப் பற்றிய கணக்கை அதற்குரிய வாரியத்திடமும் மன்றத்திடமும், மற்றவரோடு கூடிநின்று, கேட்போம். நம் வீட்டுக் கணக்கை மட்டும் வேறு அளவுகோல் கொண்டு பார்ப்போம். நாளைக் காலையும் குப்பை வண்டி வரும். நாம் கொடுக்கும் பையை ஒருவர் கைநீட்டி வாங்குவார். அந்தக் கைக்குத் தீங்கில்லாமல் அதனைக் கட்டிக் கொடுத்தவர்க்கு, ஆவதென்ன என்னும் வினாவின் விடையில் ஒரு பகுதி வாயிற்படியிலேயே கிடைத்துவிடும்.